மருதாணி காயாத மணப்பெண்

பவழப்பட்டணத்துப் பெண்கள் தெருவில் கால் வைக்காமலே ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடுவார்கள். ஒரு வீட்டுச் சமையல்கட்டிலிருந்து அடுத்த வீட்டுச் சமையல்கட்டுக்கு ஒரு வாசல், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு இன்னொரு வாசல் என்று, கடற்கரைத் தெருவில் தொடங்கிப் பெரிய பள்ளிவாசலின் பின்மதில் வரைக்கும் வீடுகளுக்குள்ளேயே ஒரு பாதை ஓடியது. அதில் ஒரு கை உப்பும், வலி கண்டவளைப் பார்க்க ஓடும் மருத்துவச்சியும், எந்த வீட்டு மாப்பிள்ளை எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற சேதியும் காலையிலிருந்து மாலை வரை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும், ஆண்கள் வெயிலில் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து சொல்லும் புதினம் எல்லாம் பெண்களுக்கு ஆறிப்போன பழங்கஞ்சிதான். அந்த இடைவாசல்களில் ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த மறுவருஷம், அந்தச் செங்கல்லுக்குள்ளிருந்து ஒரு மணப்பெண் வெளியே வந்தாள்.

ராவியத்து அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கிழக்குச் சுவரிலிருந்து முதலில் மல்லிகை வாசம் வந்தது, பிறகு கொலுசுச் சத்தம் வந்தது, பிறகு சரிகைச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக ஒரு பெண், இரண்டு உள்ளங்கைகளிலும் ஈர மருதாணியோடு, அது சுவரில் ஒட்டிவிடக் கூடாதே என்று கைகளை முன்னால் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள். ராவியத்து அலறவில்லை. அலறினால் தெருவுக்குக் கேட்கும், தெருவுக்குக் கேட்டால் குடும்ப மானம் போகும் என்று நாற்பது வயதுவரை பழகிவிட்ட தொண்டை அது.

"யாரும்மா நீ? எந்த வூட்டுப் புள்ளே?"

"கமருன், மாமி."

"எந்தக் கமருன்?"

"நீங்க 'அப்புறம்'னு கேப்பீங்களே, அந்தக் கமருன். தண்ணி கொஞ்சம் தாங்க மாமி. ஒரு வருஷமா தாகம்."

கைகளில் மருதாணி இருந்ததால் ராவியத்துதான் குவளையை அவள் வாயில் வைத்துப் புகட்ட வேண்டியிருந்தது. புகட்டும்போது ராவியத்தின் கண் கிழக்குச் சுவரிலேயே இருந்தது. பெண் சுவர் வழியாக வந்தாளே என்பதற்காக இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ஜெய்னம்பு நாச்சியின் வீடு.

ஜெய்னம்பு யாரென்று சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் கதை நகராது. ராவியத்தும் அவளும் உடன்பிறந்த அக்காள் தங்கை பெற்ற மக்கள், மூத்தவளான ராவியத்து ஜெய்னம்புவுக்கு லாத்தா. ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் பிறந்து, ஒரே இடைவாசலில் தவழ்ந்து வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் பவழப்பட்டணத்துப் பெண்களுக்குத் தமிழ் தெரியும், ஆனால் அதை அரபு எழுத்தில்தான் எழுதவும் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தமிழ் எழுத்து தெரிந்தால் பெண் கண்டதையும் படிப்பாள், கண்டவனுக்கும் எழுதுவாள் என்று பெரியவர்களுக்குப் பயம். ஜெய்னம்பு மல்லியும் சீரகமும் மடித்து வரும் பொட்டலக் காகிதங்களை நீவி நீவி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தானே பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி, அவள் புருஷன் மீரா சாகிபு அந்த ஊர் வழக்கப்படி அவள் வீட்டுக்கு வந்து குடியிருந்த பிறகு, ஒருநாள் மத்தியானத்து லுஹர் தொழுகை தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒரு கதை எழுதத் தொடங்கினாள். எழுதியதை அன்றன்றைக்கே இடைவாசல் படியில் உட்கார்ந்து ராவியத்துக்கு வாசித்தாள். ராவியத்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டோ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ கேட்பாள், கமருன் அழும்போது அழுவாள், கமருனைக் கொடுமைப்படுத்தும் அவள் சிற்றப்பன் சாச்சாவைக் கையிலிருக்கும் அகப்பையால் அடிக்கப் போவாள், அவள் மூச்சுவிட நிறுத்தினால்கூடப் பொறுக்காமல் "அப்புறம்?" என்பாள்.

"அப்புறம் நாளைக்குத்தான் லாத்தா. இன்னும் எழுதலை."

"எழுதேன்டி. எழுத்து என்ன கிணத்துத் தண்ணியா, ஊறி வரட்டும்னு காத்திருக்க?"

உடனே ஜெய்னம்பு சிரித்துக்கொண்டே அங்கேயே காகிதத்தை மடியில் வைத்து எழுதுவாள், அதை ராவியத்து பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டை விரலில் மை, மூக்கு நுனியில் மை, ஒருமுறை தொட்டிலில் கிடந்த குழந்தையின் நெற்றியில்கூட மை. ஒரு பெண் கதை எழுதுவதைக் கண்ணால் கண்ட ஆள் அந்த ஊரில் ராவியத்து ஒருத்திதான். மீரா சாகிபு அந்த வருஷங்களில் ரங்கூன் கடையில் இருந்தார்.

முதல் பாகம் சென்னையில் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில், கமருனுக்குப் பிடிக்காத ஒருவனோடு நிக்காஹ் நடக்கிறது, சாட்சிகள் திரைக்கு வெளியே நின்று "சம்மதமா?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்று தரம் கேட்பார்கள், பெண் வாய் திறக்க மாட்டாள், வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், சாட்சிகள் திரும்பிப் போய் "பெண் சம்மதித்துவிட்டாள்" என்பார்கள், எல்லோருக்கும் சர்க்கரை வரும். ஆனால் ஜெய்னம்புவின் புத்தகத்தில் மூன்றாம் தரம் கேட்டதும், 'கமருன் வாய் திறந்தாள்' என்று இருந்தது. அதோடு முதல் பாகம் முற்றிற்று. அட்டையில், ஆக்கியோள் ஜெய்னம்பு நாச்சி, பவழப்பட்டணம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஊர் கொதித்துப்போனது. பெண்ணின் குரல் தெருவைத் தாண்டக் கூடாது என்று இருக்கிற ஊரில், பெண்ணின் பெயர் சென்னைக்குப் போய் ரயிலேறித் திரும்பி வந்திருக்கிறது, முகம் தெரியாத ஆம்பிளைகள் எல்லாம் அதை வாய்விட்டுச் சொல்லிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஜமாஅத் தலைவர் ஹாஜி சுலைமான் மரைக்காயர் புத்தகத்தை ஒரே மூச்சில் முழுக்கப் படித்தார், படித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை ஒரு பொம்புளை எழுதியிருக்க முடியாது" என்றார். பொம்புளை எழுதவில்லையென்றால் ஆம்பிளை எழுதியிருக்க வேண்டும். ஆம்பிளை எழுதி அவள் பேரைப் போட்டானென்றால் அவனுக்கும் அவளுக்கும் என்ன? சும்மா இருந்த ஊருக்கு இது போதாதா, எழுதியவன் யார் என்று ஆளுக்கொருவனைப் பிடித்துக் காட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஜெய்னம்பு ஒரே பதில்தான் சொன்னாள். "நான் எழுதுனதை ராவியத்து லாத்தா பாத்திருக்கா. அவளைக் கேளுங்க."

இரண்டு சாட்சிகள் ராவியத்தின் வீட்டுக்கு வந்தார்கள், திரைக்கு வெளியே நின்றார்கள். "ஜெய்னம்பு நாச்சி தன் கையால் எழுதியதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். ராவியத்தின் மகள் ஹலீமாவை மரைக்காயரின் தம்பி மகனுக்குப் பேசி முடித்து, பூ வைத்து, ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மறுபடி கேட்டார்கள். பார்த்தேன் என்று சொன்னால் நீயும் கூட்டுத்தானே என்பார்கள், சம்பந்தம் முறியும், முறிந்த பெண்ணை யார் கட்டுவார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாம் தரம் கேட்டார்கள். அப்போது ராவியத்துக்குப் பயம்கூட அவ்வளவாக இல்லை. அப்போது அவள் மனசில் வந்து நின்றது அந்த அட்டைதான். எத்தனை மத்தியானம், எத்தனை 'அப்புறம்', எத்தனை அழுகை, இருந்தும் அட்டையில் ஒரே ஒரு பேர்தானே, அவளும் கொஞ்சம் கீழே இறங்கட்டுமே என்று ஒரு சின்ன எண்ணம், கடுகளவுதான் இருக்கும், வந்து நின்றது. ராவியத்து வாய் திறக்கவில்லை. வாய் திறக்காவிட்டால் என்ன அர்த்தம் என்பதுதான் ஊருக்கே தெரியுமே, சாட்சிகள் திரும்பிப் போய், ஊர் சொல்வதுதான் சரியென்று ராவியத்தும் சம்மதித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள்.

ரங்கூனிலிருந்து வந்த மீரா சாகிபு மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடைய உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தையையும் கொண்டுபோனார். ஜெய்னம்புவின் வீட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த இடைவாசல்களைக் கொத்தனாரை வைத்து அடைத்தார்கள். தெருவழியாகப் போகத் தெரியாதவளுக்கு இடைவாசலையும் அடைத்துவிட்டால், வீடு இருந்தும் அவள் கிணற்றுக்குள் இருப்பதுபோலத்தான். ராவியத்தின் பக்கத்துக் கடைசிச் செங்கல்லை வைக்கும்போது, அந்த இடுக்கு வழியாக ஜெய்னம்புவின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் ராவியத்து பிழைத்திருப்பாள். 'லாத்தா, என்ன ஆச்சு உனக்கு, உடம்புக்குச் சரியில்லையா?' என்பதுபோல அது பார்த்தது.

அதிலிருந்து ஒரு வருஷம். இப்போது கமருன் வந்து நிற்கிறாள்.

பவழப்பட்டணத்துப் பெண்களுக்கு அவளை ஏற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. எல்லோரும் அந்தப் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக தமிழ் எழுத்துப் பழகிய சின்னப் பெண் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டு முடித்திருந்தார்கள், ஆகவே கமருனுக்குப் பூந்தி பிடிக்கும், வெள்ளாட்டுக் கறி பிடிக்காது, இடி இடித்தால் பயம் என்பதெல்லாம் அவளைப் பார்ப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ஊர் வழக்கப்படி மணப்பெண் எந்த வேலையும் செய்யக் கூடாது, போகும் வீட்டிலெல்லாம் பாலும் பழமும் கொடுக்க வேண்டும், அதனால் அவள் இடைவாசல் வழியாக எந்த வீட்டுக்குள் வந்தாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அவளுக்கு ஊட்டினார்கள். மருதாணி மட்டும் காயவே இல்லை. விறகடுப்பின் முன்னால் உட்காரவைத்தார்கள், எலுமிச்சையும் சர்க்கரையும் தடவினார்கள், மொட்டைமாடி வெயிலில் நிறுத்தினார்கள், அப்படியே பச்சைப்பசேலென்று ஈரமாகத்தான் இருந்தது. அவள் மறந்துபோய் எதையாவது தொட்டால் அது சிவந்தது. கதவு நிலைகள் சிவந்தன, உப்பு ஜாடி சிவந்தது, அவள் கொஞ்சிய பிள்ளைகள் கன்னத்தில் ஐந்து விரலோடு மதரசாவுக்குப் போனார்கள், அடி வாங்கிய பிள்ளை போல இருக்கிறதே என்று உஸ்தாது ஒவ்வொரு வீடாகக் கண்டித்து ஆளனுப்பினார்.

ஆண்களுக்குத்தான் இதில் சிரமம். அயல் பெண்ணை ஏறிட்டுப் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் கமருனைப் பார்க்கவில்லை, திரைக்குக் கீழே ஒரு ஜோடிக் கால் அதிகமாகத் தெரிந்தால் இருமிக்கொண்டு போய்விட்டார்கள், ஒவ்வொருவரும் அவளை மனைவியின் வழியில் யாரோ என்று நினைத்தார்கள். விஷயம் தெரிந்தபோது அவள் வந்து பல வாரம் ஆகியிருந்தது, இனிமேல் ஆச்சரியப்பட்டால் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்பார்களே என்று ஆச்சரியப்படாமலே இருந்துவிட்டார்கள். மார்க்கம் படித்த ஆலிம்சா மட்டும் யோசித்து, கையில் மருதாணி அப்பியிருப்பவள் தொழுகைக்கு முன் எப்படிக் கைகால் கழுவி ஒளு செய்வாள் என்ற கேள்விக்கு ஒரு சலுகை எடுத்துக் கொடுத்தார். மரைக்காயர் கூட்டம் போட்டு, கதையில் வருகிற பெண் எந்தத் தெரு ஜமாஅத்தில் சேர்த்தி, அவள் பாதி நிக்காஹ் ஆனவளா ஆகாதவளா என்று பேசி, சாயங்காலத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

ஆனால் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஒருநாள் ராவியத்தின் சமையல்கட்டில் அரிசிமாவு இடித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கமருனிடமே கேட்டுவிட்டாள்.

"நீயே சொல்லு புள்ளே. ஒன்னைய எழுதுனது ஆம்பிளையா பொம்புளையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க தலையில எழுதுனவனை நீங்க பாத்திருக்கியளா?" என்றாள் கமருன். "எனக்கு ரெண்டு குரல்தான் தெரியும். ஒண்ணு வாசிக்கும். இன்னொண்ணு 'அப்புறம்'னு கேக்கும். வாசிக்கிற குரல் நின்னு போச்சு. வாயைத் தொறந்தது தொறந்தபடி எத்தனை நாளைக்கு நிக்கிறது? அதான் கேக்குற குரலையாவது பாப்போம்னு வந்தேன்."

அத்தனை பேரும் ராவியத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு உலக்கை மறுபடி விழத் தொடங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, ராவியத்துக்கு ஒவ்வொரு இடியும் தன் மார்பில் விழுந்தது. அழ முடிந்தால் அழுதிருப்பாள், யாராவது ஏசினால் காலைப் பிடித்துக்கொண்டு கதறியிருப்பாள், யாரும் ஏசவில்லை.

அன்று எல்லோரும் போனபிறகு ராவியத்து ஒரு கிண்ணம் வட்டிலப்பம் செய்தாள். ஜெய்னம்புவுக்கு உயிர் அந்த இனிப்பு. தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் பெண்பிள்ளை ஒருத்திதான் தெருவாசல் வழியாக அந்த வீட்டுக்குப் போய்வருவாள், அவளிடம் கொடுத்தனுப்பினாள். பவழப்பட்டணத்தில் வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சிட்டிகைச் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள், வெறுங்கிண்ணம் அனுப்புவது பகையாளி செய்கிற வேலை. கிண்ணம் கழுவித் துடைத்து வெறுமையாகத் திரும்பி வந்தது.

ராவியத்து அந்தக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கிழக்குச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி அரைப்பது கேட்கும், இருமல் கேட்கும், குர்ஆன் ஓதுவது கேட்கும், பேனா கீறுகிற சத்தம் மட்டும் ஒரு வருஷமாகக் கேட்டதில்லை.

"ஜெய்னம்பு" என்று கூப்பிட்டாள். "அந்தப் புள்ளை வாய் தொறந்தபடி நிக்கிறா புள்ளே. அவளுக்காவது மீதியை எழுது."

பிறகு சுவருக்கு அடியிலிருந்து, அவளும் அங்கே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் வந்தது.

"நான் எழுதலைன்னு ஊரே முடிவு பண்ணிருச்சே லாத்தா. எழுதாதவ எப்படி மீதியை எழுதுவா?"

ராவியத்து வெறுங்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஹலீமாவின் கல்யாணம் வந்தது. வாசலில் பந்தல், கொல்லையில் நெய்ச்சோற்றுத் தேக்சாக்கள், பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர்களால் முன்கட்டு நிறைந்துவிட்டது, நடுவில் மரைக்காயர் அத்தர் மணக்க உட்கார்ந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்திருந்த ராவியத்தின் புருஷன் உவைஸ் வருகிறவர்களுக்கெல்லாம் கைகொடுத்துக் கைகொடுத்துத் தோள் வலி கண்டிருந்தார். திரைக்கு உள்பக்கம் ஹலீமாவை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் கமருனும் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு பாயில் இரண்டு மணப்பெண்கள் இருக்கலாமா என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள், ஒருத்தி சதையில் ஆனவள், ஒருத்தி எழுத்தில் ஆனவள், ஒன்றும் குற்றமில்லை என்று இன்னொருத்தி அடக்கினாள். ஹலீமாவின் மருதாணி காய்ந்து உதிர்ந்து நன்றாகச் சிவந்திருந்தது. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

சேலை மடிப்பைச் சரிசெய்யக் குனிந்த தாயின் காதில் ஹலீமா கேட்டாள்.

"உம்மா, அவஹ மூணு தரம் கேக்கும்போது நான் வாய் தொறக்கக் கூடாதுல்ல?"

"ஆமா மகளே. தொறக்காம இருந்தாலே சம்மதம்தான்."

"அப்ப, ஜெய்னம்பு சாச்சியைப் பத்தி உங்களைக் கேக்க வந்தாஹளே... நீங்களும் வாய் தொறக்கலையே. அவஹ சொன்னதுக்கு நீங்க சம்மதிச்சீங்களா?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை அந்தப் பெண். கல்யாணத்துக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களில் ஒன்றாக நினைத்துத்தான் கேட்டாள். ராவியத்தின் கையில் சேலை மடிப்பு அப்படியே நின்றது.

சாட்சிகள் திரைக்கு வெளியே வந்து நின்றார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே இரண்டு பேர்தான், ஒருவருடைய கால் பெருவிரல் நகம் கறுத்திருக்கும், அதைத் திரைக்குக் கீழே பார்த்ததுமே ராவியத்துக்கு அடையாளம் தெரிந்தது. முதல் தரம் கேட்டார்கள். ஹலீமா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் தரம் கேட்டார்கள். கமருன் தன் ஈரக் கைகளை நீட்டியபடி ராவியத்தை நிமிர்ந்து பார்த்தாள், பாதி திறந்த வாய் பாதி திறந்தபடியே இருந்தது. மூன்றாம் தரம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வழக்கம்போல, திரும்பினார்கள்.

"நில்லுங்க" என்றாள் ராவியத்து.

தெருவுக்குக் கேட்டது. பந்தலில் சர்பத் கலக்கிக்கொண்டிருந்தவன் கரண்டியை நிறுத்தினான்.

"எம்மகளுக்குச் சம்மதம், அதுல ஒண்ணுமில்லை. போன வருஷம் இதே எடத்துல நின்னு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதுக்கு நான் பதில் சொல்லலை. இப்பச் சொல்றேன். ஜெய்னம்பு எழுதுனதை நான் பாத்தேன். ஒரு நாள் ரெண்டு நாளில்லை, முழுக்கப் பாத்தேன். அவ கையால எழுதுனா. வேற எந்த ஆம்பிளையும் எழுதலை. அவளுக்கும் எவனுக்கும் ஒண்ணுமில்லை. நான் வாய் மூடி இருந்தது சம்மதத்துல இல்லை. பயத்துல. பயமும் பாதிதான். மீதி பொறாமை."

சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது மரைக்காயர் எழுந்திருப்பார், மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார், பந்தல் சரியும், நெய்ச்சோறு நாய்க்குப் போகும், உவைஸ் தலையிலடித்துக்கொள்வார், மகள் ஆயுசுக்கும் மூலையில் கிடப்பாள், எல்லாம் ஒவ்வொன்றாக வரட்டும் என்று காத்திருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதானே அந்த வாசலை அடைக்கவிட்டாள்.

முன்கட்டில் மரைக்காயர் தொண்டையைச் செருமினார்.

"சாட்சி ரொம்பப் பிந்திப்போச்சு" என்றார். "கல்யாண வூட்டுல அதையெல்லாம் எதுக்குப் பேசிக்கிட்டு. பொண்ணு சம்மதிச்சிட்டா. நிக்காஹை ஓதுங்க, நேரமாகுது."

அவ்வளவுதான். நிக்காஹ் ஓதினார்கள். சர்க்கரை வந்தது. நாலு பேருக்கு ஒரு ஸஹன் என்று தட்டுகள் வரிசையாகப் போயின, நெய்ச்சோற்றில் ஏலக்காய் தூக்கலாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். உவைஸ் திரைக்கு வந்து "தண்ணி குடிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எந்தச் சம்பந்தமும் முறியவில்லை, எந்த வானமும் இடியவில்லை. இவ்வளவுதானா, இந்த ஒரு செருமலுக்காகவா நான் அவளைச் சுவருக்குள் வைத்தேன் என்று நினைத்தபோதுதான் ராவியத்து அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். விலை பெரிதென்று பயந்து கொடுக்காமலிருந்தது கடைசியில் பார்த்தால் கொடுத்திருக்கக்கூடியதாகவே இருந்தது, அது தெரிந்த பிறகு அவளிடம் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு சாக்குகூட மிச்சமில்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே கமருன் அவள் தோளைத் தொட்டாள். ராவியத்தின் ரவிக்கையில் கறை படவில்லை. கமருனின் உள்ளங்கையில் மருதாணி காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

"கேக்குதா மாமி?"

சமையல்கட்டுக்கு ஓடினார்கள். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், எலி சுரண்டுவதுபோல, பேனா ஓடிக்கொண்டிருந்தது. நின்றது, மையில் தோய்ந்தது, மறுபடி ஓடியது.

"என்னைய எழுதுறாஹ. நான் போறேன்" என்றாள் கமருன். சிவந்த கைகளை இப்போது தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை, வீசிக்கொண்டே நடந்து சுவருக்குள் போனாள். அவளுக்குப் பின்னாலேயே போய்விடலாம் என்பதுபோல ராவியத்தும் ஓடினாள். செங்கல் அவள் நெற்றியில் இடித்தது.

ஊர் இதையும் செரித்துக்கொண்டது. ராவியத்து சொன்னதை மரைக்காயர் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் அதற்குப் பிறகு வேறொருவன் பேரைச் சொல்லவுமில்லை. மீரா சாகிபு பெட்டியோடு வந்து தெருவாசலில் நின்றார். குழந்தையை உள்ளே அழைத்துக்கொண்டு, பெட்டியை வெளியிலேயே வைத்துவிட்டாள் ஜெய்னம்பு. கொஞ்ச நாள் கழித்து ஜமாஅத் கேட்டும் கேட்காததுபோல இருக்க, கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலைத் திறந்தாள். அவளுடைய கிழக்குப் பக்கத்து வாசலைத் திறந்தாள். மேற்குப் பக்கத்தை, ராவியத்தின் பக்கத்தை, தொடச் சொல்லவில்லை. கொத்தனார் அந்தப் பக்கம் தட்டுகிற சத்தத்தைக் கேட்டு ராவியத்து இந்தப் பக்கம் தரையைக் கழுவி, தூசி விழுந்துவிடுமே என்று அரிசிப் பானையை நகர்த்தி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சாயங்காலம் வரை நின்றிருந்தாள்.

இரண்டாம் பாகம் அச்சாகி வந்தது. இந்த முறை இடைவாசல் வழியாக ஒளிக்காமலே வந்தது. ராவியத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாதாகையால், எழுத்துத் தெரிந்த ஹலீமாவின் தோழி ஒருத்தி தினமும் லுஹருக்குப் பிறகு வந்து வாசித்தாள், கூட நாலு பெண்கள் கேட்டார்கள். முதல் பக்கத்திலேயே கமருன் சாட்சிகளிடம், தெருவுக்குக் கேட்கும்படி, "எனக்குச் சம்மதமில்லை" என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். ராவியத்தும் தட்டினாள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது தனக்காக. எங்கேயாவது ஒரு பக்கத்தில், வாய் மூடியிருந்து கூடப்பிறப்பைக் கவிழ்த்த ஒரு பாவி வருவாள், அவளுக்கு என்ன பேர் வைத்திருந்தாலும் சரி, எத்தனை கேவலமாக எழுதியிருந்தாலும் சரி, எல்லோர் முன்னாலும் கேட்டுத் தலை குனிந்துகொள்ளலாம் என்று காத்திருந்தாள். முதல் பாகத்தில் கமருனின் சமையல்கட்டில் ஒரு இடைவாசல் உண்டு, அந்தப் படியில் உட்கார்ந்துதான் அவள் பக்கத்து வீட்டு அக்காளோடு சிரித்துப் பேசுவாள். இரண்டாம் பாகத்தில் அதே சமையல்கட்டு வந்தது, அதே அடுப்பு, அதே உறி, அதே உப்பு ஜாடி எல்லாம் வந்தன. படி இருந்த இடத்தில் 'சுண்ணாம்படித்த வெண்மையான சுவர்' என்று இருந்தது. அங்கே எப்போதாவது ஒரு வாசல் இருந்ததென்றோ, அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி இருந்தாளென்றோ கதை முடியும்வரை ஒரு வரி இல்லை.

தோழி புத்தகத்தை மூடினாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் ராவியத்து.

"அப்புறமென்ன மாமி, முடிஞ்சிருச்சு" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாசல் வழியாகப் போனாள்.